காமினோ நடையில் பிரியும் பாதைகள்: எதை எடுப்பது, எதை விடுவது

அன்புச் சகோதரிக்கு, இயேசுவுக்கே புகழ்.

வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் நீங்களும் உங்கள் அம்மாவும் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, பிரான்ஸ் எல்லையோரத்துச் சேன் ஜான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி, காமினோ என்ற பழைய யாத்திரை வழியில் வட ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து, சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் உள்ள, இயேசுவின் சீடரான புனித சந்தியாகப்பர் கல்லறைவரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அப்பாவின் இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு அம்மா வைத்த நேர்த்தி இது என்றும், அம்மாவுக்கு வயது 61, வலது முழங்காலில் தேய்மானம் உண்டு என்றும், கையில் 40 நாள்கள் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தீர்கள். வழியில் ஆங்காங்கே பிரிந்து மீண்டும் சேரும் மாற்றுப் பாதைகளில் எவற்றை எடுப்பது என்பது உங்கள் கேள்வி. எளிதான பாதையில் போனால் நேர்த்தி குறைபட்டுப் போகுமா என்பது அம்மா கேட்கச் சொன்ன கேள்வி. அம்மாவின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நேர்த்தி குறையாது. அம்மாவின் மனம் ஆறட்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சந்தியாகோவுக்கு இன்னும் 190 கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் இருக்கும்போது வியாஃபிராங்கா தெல் பியெர்சோ என்ற ஊர் வரும். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே சந்தியாகப்பர் பெயரில் ஒரு பழைய கல் ஆலயம் இருக்கிறது. அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். நோயினாலோ காயத்தினாலோ இனி மலையேற முடியாது என்ற நிலையில் இருந்த யாத்திரிகர்கள் அந்த வாசல்வரை வந்து சேர்ந்தாலே போதும், கல்லறைவரை சென்றவர்களுக்குக் கிடைக்கும் பரிபூரண பலன் அவர்களுக்கும் உண்டு என்ற சலுகையை இடைக்காலத்திலேயே திருச்சபை வழங்கியிருந்தது. நடக்க முடியாதவரின் காலுக்கே அவ்வளவு இரக்கம் காட்டிய வழி இது. நடக்கக்கூடிய ஒருவர் மலைமேல் போகாமல் பள்ளத்தாக்கு வழியாக நடந்ததைக் குறையாக எண்ண அதில் இடமே இல்லை. இன்றைய நடைமுறையும் அப்படியே. யாத்திரையை முடித்தவர்களுக்குத் தரும் கொம்போஸ்தெலா சான்றிதழுக்கு யாத்திரிகர் அலுவலகம் கேட்பது, குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும், அதற்குச் சான்றாக யாத்திரிகர் ஏட்டில் முத்திரைகள் இருக்க வேண்டும் என்பதைத்தான். எந்தக் கிளையில் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நம்மவர்களிடையே வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களானாலும், தைப்பூசத்தில் காவடி எடுக்கும் நம் இந்து சகோதரர்களானாலும், உடலை வருத்தினால்தான் நேர்த்தி நிறைவேறும் என்ற உணர்வு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அம்மா சொன்ன வார்த்தை என்னவென்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். “சந்தியாகப்பரே, உம்மிடம் நடந்து வருகிறேன்” என்று சொல்லியிருந்தால், நடந்து போய்ச் சேர்வதே நேர்த்தி. முதல் வாரத்திலேயே முழங்கால் வீங்கி, பம்ப்லோனாவிலிருந்து விமானம் ஏற நேர்ந்தால்தான் அந்த வார்த்தை நிறைவேறாமல் போகும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் எடுக்கும் முடிவு, அம்மாவை ஆலய வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு உதவுகிறதா என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பிரிவுகளைப் பார்க்கும்போது மூன்று செய்திகள் தெரிய வேண்டும். கிளை எங்கே மீண்டும் முதன்மைப் பாதையோடு சேர்கிறது, இடையில் தண்ணீரும் படுக்கையும் எங்கே கிடைக்கும், இறக்கம் எப்படிப்பட்டது. தூரத்தை நான் நான்காவதாகத்தான் வைப்பேன். இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுவதை நிழலும் மண் தரையும் ஈடுகட்டிவிடும். செங்குத்தான இறக்கத்தை எதுவும் ஈடுகட்டாது. இன்னொன்று, இந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து எடுக்கத் தேவையில்லை. முந்தின நாள் மாலை, விடுதியில் காலணியைக் கழற்றிவிட்டு, அம்மாவின் முழங்காலையும் மறுநாள் வானிலையையும் பார்த்து எடுப்பதே நல்லது. ஆனால் முதல் நாள் பாதையை மட்டும் இங்கிருந்தே தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் சேன் ஜானிலிருந்து பிரெனே மலைத்தொடரைக் கடந்து ரோன்செஸ்வாயெஸ் மடத்தை அடைய வேண்டும். இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. எல்லாரும் படம் பிடித்துப் போடும் நெப்போலியன் பாதை மலைமுகட்டின்மேல் போகிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சேன் ஜான் கடல்மட்டத்திலிருந்து 170 மீட்டர் அளவிலும், லெப்போடெர் கணவாய் 1,430 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. நம் பினாங்குக் கொடிமலையின் உச்சியே 833 மீட்டர்தான். அதையும்விட நானூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஏறுவதை ஒரே பகலில் நினைத்துப் பாருங்கள். எட்டாவது கிலோமீட்டரை ஒட்டி ஒரிசோன் விடுதி இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் ரோன்செஸ்வாயெஸ்வரை ஊர் என்று எதுவும் இல்லை. குளிர்காலத்தில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, இந்தப் பாதை சட்டப்படியே மூடப்படும். செப்டம்பரில் திறந்திருந்தாலும், மூடுபனியும் காற்றும் எந்த நாளிலும் வரலாம். முந்தின நாள் சேன் ஜான் யாத்திரிகர் அலுவலகத்தில் வானிலை கேட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றது வால்கார்லோஸ் பாதை. பள்ளத்தாக்கில் ஆற்றையொட்டிப் போய், பதினோரு பன்னிரண்டு கிலோமீட்டரில் வால்கார்லோஸ் என்ற ஊரை அடைந்து, பிறகு காட்டுக்குள் ஏறி 1,057 மீட்டர் உயரத்தில் உள்ள இபாஞேத்தா கணவாயில் தலைகாட்டுகிறது. சில இடங்களில் வாகனச் சாலையின் ஓரமாகவே நடக்க வேண்டியிருக்கும் என்பது அதன் குறை; அங்கே ஒருவர் பின் ஒருவராக நடங்கள். ஆனால் நடுவில் ஓர் ஊர் இருப்பதால் இந்த நாளை இரண்டாகப் பிரித்து அங்கே இரவு தங்கலாம். கணவாயிலிருந்து மடத்துக்கு இறக்கம் மிகச் சிறியது. வலது முழங்காலில் தேய்மானம் உள்ள 61 வயது அம்மாவோடு செல்லும் உங்களுக்கு நான் சொல்வது வால்கார்லோஸ்தான், அதுவும் இரண்டு நாளாக. இதுவும் பன்னெடுங்காலமாக யாத்திரிகர்கள் நடந்த பாதையே. அந்த ஊரின் பெயரே பேரரசர் சார்லமேனின் நினைவைச் சுமப்பது.

ஒருவேளை அம்மா மலைமுகட்டில்தான் போக வேண்டும் என்று உறுதியாக நின்றால், ஒரிசோனில் இரவு தங்குவதற்கு இப்போதே இடம் பதிவு செய்யுங்கள். அங்கே படுக்கைகள் சில மட்டுமே இருப்பதால் மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். அப்போதும் மறக்கக் கூடாத ஒரு பிரிவு லெப்போடெர் உச்சியில் இருக்கிறது. நேரே போகும் அம்புக்குறி பீச் மரக் காட்டுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அந்தக் காட்டில் ஆண்டுக்கணக்காக உதிர்ந்த இலை கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் ஊறியிருக்கும். இலைக்கடியில் கல் இருக்கிறதா வேர் இருக்கிறதா என்று காலை வைத்தால்தான் தெரியும். ஏற்றத்தில் களைத்துப்போன கால் வழுக்குவது அங்கேதான். வலப்பக்கம் திரும்பும் பாதை இபாஞேத்தாவைச் சுற்றி மென்மையாக இறங்குகிறது. தூரம் சற்றே கூடும், அவ்வளவுதான். எந்த வயதினரும் வலப்பக்கமே போவது நல்லது என்பது என் திடமான கருத்து. எந்தப் பாதையில் வந்தாலும் அன்று மாலை ரோன்செஸ்வாயெஸ் ஆலயத்தில் யாத்திரிகர் திருப்பலி உண்டு. இறுதியில் குருவானவர் யாத்திரிகர்களை ஆசீர்வதிப்பார். அதைத் தவறவிடாத அளவுக்கு முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

பம்ப்லோனாவைத் தாண்டிய நாளில் நான் மனமுவந்து பரிந்துரைக்கும் ஒரு கிளை வருகிறது. முருசாபால் என்ற ஊரில் இடப்பக்கம் பிரிந்தால் வயல்களின் நடுவே எவுனாத்தே மாதா ஆலயத்துக்குப் போகலாம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்கோண வடிவக் கோயில் அது. சுற்றுச்சுவர்போல் ஒரு வளைவு வரிசை அதைத் தனியே சூழ்ந்து நிற்கிறது. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கல் பதித்திருப்பதால் உள்ளே தேன் நிறத்தில் மங்கிய ஒளி பரவியிருக்கும். நாங்கள் பங்கு மக்களாகச் சென்றபோது அங்கே தமிழில் ஒரு மாதா பாடல் பாடினோம். அந்தக் கல் சுவர்கள் சிலருடைய குரலையே பெரிய பாடகர் குழுவின் குரல்போல் திருப்பிக் கொடுத்தன. ஒபானோஸ் என்ற ஊரில் மீண்டும் முதன்மைப் பாதையில் சேர்ந்துவிடலாம். கூடுவது மூன்று கிலோமீட்டர் அளவுதான், நிலமும் சமதளம். ஆலயம் திறந்திருக்கும் நேரம் குறைவு, சில நாள்களில் திறப்பதே இல்லை. ஆகவே முந்தின நாள் பம்ப்லோனாவில் விசாரித்துவிட்டு, திறந்திருந்தால் மட்டும் போங்கள்.

பூர்கோஸ் நகருக்குள் நுழையும் இடத்தைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. ஓர்பனேஹாவைத் தாண்டி நெடுஞ்சாலைப் பாலத்தைக் கடந்தபின், வியாஃபிரியா வழியே போனால் தொழிற்பேட்டைகளின் நடுவே மணிக்கணக்கில் சிமெண்டு நடைபாதையில் நடக்க வேண்டும். இடப்பக்கம் விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு காஸ்தஞ்ஞாரெஸ் வழியாக ஆர்லன்சோன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டால் நகரின் நடுப்பகுதிவரை மரநிழலில் மண் பாதை. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்றங்கரையையே எடுங்கள்.

பூர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடைப்பட்ட மெசேத்தா சமவெளியைப் பற்றி நம் நாட்டவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் நமக்குப் பழகியதுதானே என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. நம் ஊர் வெயிலில் வியர்வை சட்டையை நனைத்து நாம் இழப்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடும். கூப்பிடு தூரத்தில் ஒரு கடையும் இருக்கும். மெசேத்தாவின் வெயில் வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தாகம் தெரியும்போது தலைவலியும் கூடவே வந்திருக்கும். செப்டம்பர் பாதியில்கூட நண்பகலில் கடுமையாகக் காயலாம். இந்தப் பகுதியில் கிளையைத் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்கத் தண்ணீர் கணக்கு. கர்ரியோனிலிருந்து கல்சாதியா தே லா குவேசாவரை முதன்மைப் பாதையிலேயே 17 கிலோமீட்டருக்கு ஊர் கிடையாது; அங்கே மாற்று இல்லை, நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் சஹாகூனைத் தாண்டியபின் கல்சாதா தெல் கோத்தோ அருகே வரும் பிரிவில் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இடப்பக்கப் பாதை பெர்சியானோஸ், எல் பூர்கோ ரனேரோ, ரெலியேகோஸ் ஆகிய ஊர்கள் வழியாகப் போகிறது. சாலையை ஒட்டியே நடை, வரிசையாக நட்ட மரங்கள், காட்சி மாறாது. வலப்பக்கப் பாதை பழைய ரோமர் சாலையான திராயானா வழி. நாகரிகத்தின் சத்தமே கேட்காத வெட்டவெளி. தனிமையில் ஜெபிக்க அதைவிடச் சிறந்த இடம் இந்த யாத்திரை முழுவதிலும் இல்லை என்று சொல்வேன். ஆனால் கல்சாதியா தே லோஸ் எர்மனியோஸ் ஊரைவிட்டால், இரண்டு பாதைகளும் கூடும் மன்சியாவரை ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் கடையும் இல்லை, நிழலும் இல்லை. வானம் மூடியிருந்து, அம்மா முந்தின நாள்களில் இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் களைக்காமல் இருந்தால், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு அதை எடுக்கலாம். இல்லையென்றால் பெர்சியானோஸ் வழியே போங்கள்.

லெயோன் நகரை விட்டு வெளியேறும் நாளில், லா விர்ஹென் தெல் காமினோ என்ற புறநகரில் ஒரு மாதா பேராலயம் இருக்கிறது. 1961இல் கட்டி முடிக்கப்பட்ட நவீனக் கட்டடம். முகப்பில் மாதாவும் பன்னிரு சீடர்களும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். செய்தவர் சிற்பி சுபிராக்ஸ். பிரிவு அந்த ஆலயத்தைத் தாண்டிய உடனே வருகிறது. அங்கே தார்ச்சாலையின்மேலேயே மஞ்சள் வண்ணத்தில் இரு பக்கமும் அம்புக்குறிகள் போட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஊர்ப் பெயர்கள் எழுதியிருக்கும். ஒரு பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தப் பக்கம் ஆள் வந்தால்தானே வியாபாரம். எனவே எந்த அம்பு பெரிதாக இருக்கிறதோ அதுவே முதன்மைப் பாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலப்பக்கம் வியாதாங்கோஸ் வழி, நெடுஞ்சாலை இரைச்சலோடு. இடப்பக்கம் வியார் தே மசரிஃபே வழி, வயல்வெளியில். இரண்டும் ஒஸ்பித்தால் தே ஓர்பிகோவின் நீண்ட கல் பாலத்தில் கூடுகின்றன. மசரிஃபே வழி நான்கு கிலோமீட்டர் அளவு கூடுதல். ஆனால் மசரிஃபேயில் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துவிட்டால் அது சுமையே அல்ல. லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் ஒரு பகல் முழுவதும் நடப்பது காலைவிட மனத்தைத்தான் அதிகம் களைக்க வைக்கிறது. என் தேர்வு மசரிஃபே.

இந்த முடிவை எடுக்கும் நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. செப்டம்பர் இறுதியில் அந்தப் பக்கம் சூரியன் உதிக்கவே எட்டு மணியாகிவிடும். ஆறு மணிக்கே கிளம்பும் கூட்டத்தோடு இருட்டில் நடந்தால் பிரிவு வந்ததே தெரியாமல் முன்னால் போகும் விளக்கின் பின்னால் போய்விடுவீர்கள். பிரிவு உள்ள நாளில் வெளிச்சம் வந்தபின் அந்த இடத்தை அடையுமாறு புறப்படுங்கள். உங்கள் பைகளை வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பும் சேவையைப் பயன்படுத்துவதாக இருந்தால், பையில் எழுதிய ஊர் நீங்கள் எடுக்கும் கிளையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மசரிஃபேக்கு நடந்துவிட்டு வியாதாங்கோஸில் மாற்று உடையைத் தேட முடியாது.

இனி நீங்கள் கேட்காத ஓர் இடம். வரைபடத்தில் அங்கே மாற்றுப் பாதை என்று போட்டிருக்காது, ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு இந்த 780 கிலோமீட்டரில் மிகக் கடுமையான பகுதி அதுதான். யாத்திரிகர்கள் கல் வைத்து வேண்டிக்கொள்ளும் இடமான, 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இரும்புச் சிலுவையில் அப்பாவின் பெயரைச் சொல்லி ஊரிலிருந்து கொண்டுபோன கல்லை வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினால், மொலினசேகாவுக்குள் ஏறத்தாழ 900 மீட்டர் இறக்கம். பாதை முழுவதும் தகடு தகடாகப் பிளந்து நிற்கும் கல். ஆனால் நடைபாதையோடு கூடவே ஒரு தார்ச்சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. எல் அசேபோவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அந்தச் சாலையின் ஓரமாகவே இறங்குங்கள். மிதிவண்டியில் வரும் யாத்திரிகர்கள் வேகமாக இறங்குவார்கள், வளைவுகளில் கவனம் வேண்டும். வாகனங்கள் குறைவு. தூரம் கூடும், முழங்கால் பிழைக்கும்.

மன்னிப்பின் வாசல் உள்ள வியாஃபிராங்காவில் பாதை மூன்றாகப் பிரிகிறது. பள்ளத்தாக்குப் பாதை பழைய நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிறது. புதிய விரைவுச்சாலை வந்தபின் அதில் வண்டிகள் குறைந்துவிட்டன, ஓரத்தில் தடுப்புச் சுவரும் உண்டு. பிரதேலா பாதை ஊரைவிட்டு வெளியேறும்போதே வலப்பக்கம் செங்குத்தாக மலையேறி, செஸ்ட்நட் மரங்களின் நடுவே போய், திராபதேலோவில் மீண்டும் கீழே இறங்குகிறது. திராகொந்தே பாதை இடப்பக்க மலைகளில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, லாஸ் எர்ரெரியாஸ் அருகேதான் சேர்கிறது. அதில் கடை இல்லை, அடையாளங்கள் குறைவு, துணைக்கு ஆள் வரமாட்டார்கள். திராகொந்தேயை நீங்கள் நினைக்கவே வேண்டாம். அம்மாவுக்குப் பள்ளத்தாக்குப் பாதை. மறுநாள் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூருக்கான ஏற்றம் காத்திருக்கும்போது, இன்று பிரதேலாவில் காலைச் செலவழிப்பது அவர்களுக்கு நல்லதல்ல.

ஆனால் உங்களுக்கு அப்படியில்லை. நீங்கள் புக்கிட் காசிங்கில் வாரந்தோறும் நடந்து பழகியவர், மலைப்பாதையில் ஆசை உள்ளவர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இருவரும் 40 நாளும் ஒட்டியே நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிரிந்து நடக்க ஏற்ற இடம் இதுதான்: ஒரே ஊரில் பிரிகிறீர்கள், சில மணி நேரத்தில் ஒரே ஊரில் சேர்கிறீர்கள், அம்மா போகும் பாதையில் மற்ற யாத்திரிகர்கள் தொடர்ச்சியாக வந்துகொண்டிருப்பார்கள். திராபதேலோவில் எந்தக் கடையில் காத்திருப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அம்மாவின் கைப்பேசியில் அவசர எண் 112 பதிந்திருக்கட்டும். அம்மா தனியாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும் அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்கும் வேண்டியதாக இருக்கலாம். பல அம்மாக்கள் பிள்ளைகளுக்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டு வாய்திறவாமல் வலியைத் தாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓ செப்ரெய்ரோவில் பிரிவு எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே கொஞ்சம் நின்று போங்கள். அப்பமும் இரசமும் மாமிசமும் இரத்தமுமாக மாறியதாகச் சொல்லப்படும் நற்கருணைப் புதுமையின் திருக்கிண்ணம் அந்தச் சிறிய ஆலயத்தில்தான் இருக்கிறது. 1980களில் வழி நெடுக மஞ்சள் அம்புக்குறிகளை வரைந்து இந்த யாத்திரைக்கு மீண்டும் உயிர் கொடுத்த எலியாஸ் வாலிஞ்ஞா அந்த ஊரின் பங்குத் தந்தையாக இருந்தவர். பிரிவு பிரிவாக நீங்கள் தேடிக்கொண்டு போகும் அம்புகளெல்லாம் அவர் தொடங்கி வைத்தவை.

அடுத்து திரியகஸ்தேலா. என்னிடம் ஒரே ஒரு கிளையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டால் இங்கே இடப்பக்கம் திரும்பச் சொல்வேன். ஊரின் கடைசியில் பாதை முட்டி நிற்கும். வலப்பக்கம் சான் ஷில் வழி. சாரியாவுக்கு 18 கிலோமீட்டர் சொச்சம், உடனேயே ஒரு மலையேற்றம். இடப்பக்கம் சாமோஸ் வழி. 25 கிலோமீட்டர் அளவு. கணக்குப் பார்ப்பவர்கள் வலப்பக்கம் போவார்கள். சாமோஸ் வழி சற்றுத் தூரம் சாலையோரம் போனபின் ஓரிபியோ ஆற்றை ஒட்டி ஓக், செஸ்ட்நட் மரங்களின் அடியில், பாசி படர்ந்த கல் சுவர்களுக்கு நடுவே சிற்றூர் சிற்றூராக நுழைந்து போகிறது. திடீரென்று பள்ளத்தில் ஓர் ஊரையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெனடிக்ட் சபை மடம் கண்ணில் படும். 6ஆம் நூற்றாண்டில் வேர்கொண்ட மடம் அது. 1951இல் பெருந்தீயில் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. துறவிகளோடு மாலைச் செபத்தில் கலந்துகொள்ளலாம். மடத்திலிருந்து சில நிமிட நடையில் ஆற்றோரம் ஒரு சின்னஞ்சிறு கல் சிற்றாலயம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அடுக்கிய பலகைக்கல்லால் ஆன சுவர், ஓர் ஆள் குனிந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிறிய சன்னல். அதை உரசிக்கொண்டு ஒரு பழங்கால சைப்ரஸ் மரம் கூரையைவிடப் பல மடங்கு உயரத்துக்கு நேராக நிற்கிறது. சாமோஸில் இரவு தங்குங்கள். திரியகஸ்தேலாவிலிருந்து சாமோஸ் பத்து கிலோமீட்டர் அளவுதான் என்பதால் அன்று அம்மாவுக்கு ஏறக்குறைய ஓய்வு நாள். மறுநாள் மீதியை நடந்து சாரியாவை அடையலாம். கூடுதல் தூரம் என்று பயமுறுத்தும் கிளைதான் உண்மையில் உங்கள் இருவருக்கும் மிக எளிதான இரண்டு நாள்களைத் தரப் போகிறது.

சாரியாவுக்குப் பிறகு கூட்டம் பெருகும். கலீசியா மாநிலத்தின் கல் தூண்கள் மீதித் தூரத்தைக் காட்டிக்கொண்டே வரும். சில பிரிவுகளில் இரண்டு தூண்கள் இருக்கும். தூரம் குறிக்காத தூண் துணைப்பாதையைக் காட்டுவது. பெரும்பாலும் அவை சிறிய சுற்றுகளே, எதில் போனாலும் அரை மணிக்குள் கூடிவிடும். போர்த்தோமரின் ஊருக்குள் இறங்கும் இடத்தில் மட்டும், பாறை இடுக்கு வழியாகப் போகும் குறுகிய பாதையை அம்மாவுக்காகத் தவிர்த்து மற்றதை எடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியில் நாளுக்கு இரண்டு முத்திரையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இங்கிருந்து புறப்படும்முன் இறக்கத்துக்கு ஒரு பயிற்சி. அம்மாவோடு ஒரு வாரக்கடைசியில் பினாங்குக்கு வாருங்கள். தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஒரு ஜீப் பாதை போகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், விடாத செங்குத்து. மேலே ரயிலில் ஏறிப் போய்விட்டு, பையோடும் நடைக்கோல்களோடும் அந்தப் பாதையில் இறங்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்து வால்கார்லோஸா நெப்போலியனா என்ற கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லிவிடுவார்கள். ஜூலை இறுதியில் வந்தால் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிலும் கலந்துகொள்ளலாம்.

கடைசியாக, சந்தியாகோவைத் தாண்டிக் கடற்கரைவரை போவதைப் பற்றி. உங்கள் 40 நாளில் மீதி இருந்தால், ஃபினிஸ்தெர்ரே முனைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நடக்கலாம். வழியில் ஒஸ்பித்தால் என்ற சிற்றூரைத் தாண்டியதும் வலப்பக்கம் பிரிந்தால் முஷியா. நற்செய்தி அறிவித்துச் சோர்ந்துபோன சந்தியாகப்பரைத் தேற்ற மாதா கல் படகில் வந்து இறங்கியதாக மரபு சொல்லும் இடம் அது. கடலோரப் பாறைகளின்மேல் படகு மாதாவின் ஆலயம் நிற்கிறது. 2013 கிறிஸ்துமஸ் நாளில் மின்னல் தாக்கி எரிந்து, மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஒன்றுதான் முடியும் என்றால் முஷியாவைத் தேர்ந்தெடுங்கள். நேர்த்தி கல்லறையோடு நிறைவேறிவிட்டதால் இந்தத் தூரத்தை நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. சந்தியாகோவிலிருந்து முஷியாவுக்குப் பேருந்து இருக்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அதற்கு இரண்டு நாள்களை விமான நாளுக்கு முன்னால் ஒதுக்கி வையுங்கள். வழியில் அம்மாவின் காலுக்கு ஓய்வு தேவைப்பட்டால் முதலில் எடுத்துச் செலவழிக்க வேண்டியதும் அந்த இரண்டு நாள்களைத்தான்.